பிடரி மேட்டைத் தேடும் விரல்

மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இஇஜி பரிசோதனையை எடுக்கும்போது மின்முனைகளை ஒட்டுவதற்கு முன் தலையை ஏன் டேப்பால் அளக்கிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எல்லாத் தலையும் ஒரே அளவில்லை. அதனால் நான்கு எலும்பு அடையாளங்களை விரலால் கண்டுபிடித்து, இடைப்பட்ட தூரத்தை 10, 20 சதவீதங்களாகப் பிரிக்கிறார்கள். 1958இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட முறை இது.

மூன்று அடையாளங்கள் சுலபம். இரு கண்களுக்கும் நடுவே, மூக்குத்தண்டு நெற்றியைச் சேரும் பள்ளம் ஒன்று. காதுத் துளைக்கு முன்னே துருத்தும் குருத்தெலும்பை ஒட்டினாற்போல் இருக்கும் குழி, பக்கத்துக்கு ஒன்று. வாயைத் திறந்து மூடினால் தாடை மூட்டு அங்கே அசைவது விரலில் படும்.

நான்காவதுதான் விரலுக்கு உண்மையான சோதனை: பின்னந்தலையின் நடுவிலுள்ள பிடரி மேடு. பிடரிப் பள்ளத்தில் ஆள்காட்டி விரலை வைத்து நடுக்கோட்டிலேயே மேலே ஏற்றுங்கள். மெத்தென்ற தசை முடிந்து விரல் எலும்பில் முட்டும். தலையை லேசாகப் பின்னால் சாய்க்கச் சொல்வது இங்கேதான் கைகொடுக்கிறது. தலை குனிந்திருந்தால் கழுத்தின் நடுநாண் விறைத்து மேட்டின் அடிவிளிம்பை மறைத்துவிடும். சாய்த்ததும் அது தளர, விரல் விளிம்புக்கடியில் புகுந்துகொள்ளும். அந்த நாண் வந்து பற்றும் இடமே இந்த மேடு.

குழந்தைகளுக்கும் பல பெண்களுக்கும் மேடு தட்டையாக இருக்கும். அப்போது பின்னந்தலையின் இருபுறமும் குறுக்கே ஓடும் எலும்பு வரம்பைத் தடவி வந்து, இரண்டும் சேரும் இடத்தைக் குறிக்க வேண்டும். கழுத்தெலும்பின் முள்ளை மேடு என்று எண்ணிவிடுவதும் உண்டு. தலையை மெல்ல ஆட்டச் சொல்லுங்கள்: மேடு மண்டையோடு சேர்ந்து நகரும், முள் அப்படி நகராது.

ஒரு சென்டிமீட்டர் பிசகினால் என்ன ஆகும்? மூக்கு வேரிலிருந்து மேடு வரை உச்சி வழியாக 36 செ.மீ. என்று கொள்வோம். பாதித் தூரத்திலுள்ள உச்சிப் புள்ளி 18இல், 90 சதவீதத் தூரத்திலுள்ள பின்கோடிப் புள்ளி 32.4இல் விழும். மேட்டை ஒரு செ.மீ. கீழே குறித்தால் நீளம் 37 ஆகிவிடும், உச்சி 18.5க்கும் பின்கோடி 33.3க்கும் போகும். பிழை உச்சியில் பாதியாகக் குறைகிறது, பின்கோடியிலோ ஏறக்குறைய முழுதாகவே தங்கிவிடுகிறது. பக்கவாட்டுப் பிசகு இன்னும் மோசம். இடது, வலது மின்முனைகளின் இடைவெளி சமமாக இல்லாவிட்டால் அலையின் உயரமும் மாறும், நல்ல மூளையில்கூட ஒரு பக்கம் மந்தமாகத் தெரியும். அதனால், அளந்த டேப்பைச் சுருட்டுவதற்கு முன் இரு காதுக் குழிகளையும் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.