ஈரி ஏரியில் பாஸ்பரஸ்: இரு நாடுகளும் குறைத்ததும் இன்னும் குறையாததும்

2014 ஆகஸ்ட் தொடக்கத்தில், அமெரிக்காவின் டொலிடோ நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் சுமார் 4 லட்சம் பேர் ஏறத்தாழ மூன்று நாட்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். அமெரிக்க-கனடிய எல்லையிலுள்ள ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியின் மைக்ரோசிஸ்டின் என்னும் நச்சு, கல்லீரலைத் தாக்கவல்லது; அது சுத்திகரித்த நீரிலும் காணப்பட்டதே காரணம். அதே மாதம் கனடாவின் பீலீ தீவிலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. ஒன்டாரியோவில் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பணிபுரியும் என்னிடம், "இத்தனை வருஷமாக இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டும் ஏரி ஏன் இன்னும் பச்சையாகிறது?" என்று நம்மவர்கள் கேட்பதுண்டு.

ஒப்பந்தம் பலன் தரவில்லை என்பது சரியன்று. 1909ஆம் ஆண்டு உடன்படிக்கையால் உருவான பன்னாட்டுக் கூட்டு ஆணையத்தில் இரு நாடுகளுக்கும் தலா மூன்று ஆணையர்கள் உண்டு. ஏரியின் மாசை ஆராயுமாறு 1964இல் இரு அரசுகளும் அதனைக் கேட்டுக்கொண்டன. சலவைத்தூளிலும் கழிவுநீரிலும் வந்து பாசிக்கு உணவாகும் பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. 1972 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் நிக்சனும் கனடியப் பிரதமர் பியேர் ட்ரூடோவும் ஒட்டாவாவில் பேரேரிகள் நீர்த்தர ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். பாசிக்குக் காரணம் கார்பன்தான் என்று அக்காலத்தில் சலவைத்தூள் துறையினர் வாதாடினார்கள். ஏரிகளை ஆராய்ந்த அறிவியலாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர் 1973இல் ஒன்டாரியோவின் சிறிய ஏரியொன்றைத் திரையால் இரண்டாகப் பிரித்து, இரு பாதியிலும் கார்பனையும் நைட்ரஜனையும் இட்டு, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். அந்தப் பாதி மட்டுமே பச்சையானது.

சலவைத்தூளில் பாஸ்பேட் குறைந்தது. பெரிய கழிவுநீர் நிலையங்களுக்கு லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற வரம்பும், 1983இல் ஈரி ஏரி முழுவதற்கும் ஆண்டுக்கு 11,000 டன் என்ற உச்சவரம்பும் வந்தன. எண்பதுகளிலேயே அந்த இலக்கு எட்டப்பட்டது. இரு அரசுகளும் ஒரே எண்ணை ஏற்றதும், அதை எந்தக் குழாயின் வாயில் அளப்பது என்பது தெளிவாக இருந்ததுமே இந்த வெற்றிக்குக் காரணம் என்பது என் கருத்து.

இப்போது சிக்கல் வயலில் இருக்கிறது. டொலிடோவில் ஏரியில் கலக்கும் மௌமி ஆற்றின் படுகையில் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் நிலங்களில், நீர் தேங்காதிருக்க மண்ணுக்கடியில் துளையுள்ள வடிகுழாய்களைப் பதித்திருக்கிறார்கள். மேலே தூவிய உரத்தில் கரையும் பாஸ்பரஸ் வசந்தகால மழையோடு அவற்றின் வழியே ஆற்றில் இறங்கி, சராசரியாக 7 மீட்டர் ஆழமே உள்ள மேற்குப் பகுதியை அடைகிறது. மண்துகளோடு ஒட்டிவரும் பாஸ்பரஸைவிட இது பாசிக்கு எளிதில் கிடைக்கும். எங்கள் கனடியக் கரையில் ஒன்டாரியோவின் தேம்ஸ் ஆற்றுக்கும் லெமிங்டன் பசுமைக்குடில்களுக்கும் இதில் பங்குண்டு. எதிர்க்கரையை மட்டும் குறை சொல்ல முடியாது.

ஏரியில் சேரும் பாஸ்பரஸை 2008ஆம் ஆண்டு அளவிலிருந்து 40 சதவீதம் குறைப்பதாக இரு அரசுகளும் 2016இல் ஒப்புக்கொண்டன. இலக்கு நல்லதுதான், ஆனால் கழிவுநீர் நிலையத்துக்கு உரிமத்திலேயே வரம்பு உண்டு, வயலுக்கோ பெரும்பாலும் மானியமும் விவசாயியின் விருப்பமும் மட்டுமே. விவசாயிகளைக் குற்றவாளிகளாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும், மண்பரிசோதனை இல்லாமல் உரமிடுவதையும், உறைந்த நிலத்தில் எரு கொட்டுவதையும் இரு கரைகளிலும் ஒரே விதி தடுக்க வேண்டும்.

நச்சின் பெரும்பகுதி பொதுவாகப் பாசிச் செல்லுக்குள்ளேயே இருப்பதால், ஆய்வகத்தில் மாதிரியை மூன்று முறை உறையவைத்து உருக்கி, செல்களை உடைத்த பிறகே அளக்கிறோம். கனடாவின் வரம்பு லிட்டருக்கு 1.5 மைக்ரோகிராம், அமெரிக்காவில் பெரியவர்களுக்கு 1.6; கைக்குழந்தைகளுக்கு இரு நாடுகளும் இன்னும் குறைந்த அளவையே சொல்கின்றன. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் செல்கள் உடையும். நீர் ஆவியாக ஆக நச்சின் செறிவுதான் கூடும். ஆகவே பாசி எச்சரிக்கை வந்தால், அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவோ பால்மா கரைக்கவோ வேண்டாம். சாதாரண ஜாடி வடிகட்டியையும் நம்ப வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் கரைக்குப் போகிறவர்கள், பச்சைச் சாயம் கொட்டியது போல நீர் தெரிந்தால் பிள்ளைகளையும் நாயையும் இறங்க விடாதீர்கள். அங்கு பிடித்த மீனைச் சமைப்பதானால், குடலையும் ஈரலையும் நீக்கிவிட்டு, சதையை நல்ல தண்ணீரில் கழுவிச் சமையுங்கள்.