ஆயில் ஃபில்டர்: உயவு எண்ணெய் வடிகட்டி

சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ 'உயவு எண்ணெய் வடிகட்டி' என்று கேட்டால் கடைக்காரர் கொஞ்சம் யோசிப்பார். அங்கே அது ஆயில் ஃபில்டர்தான். வண்டியின் பெயரும் வருடமும், பெட்ரோலா டீசலா என்பதும் சொன்னால் எடுத்துக் கொடுப்பார். ஆனாலும் அந்தப் பாகத்தை எப்படி மாட்ட வேண்டும் என்பது தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஃபில்டருக்கு மூலம் இடைக்கால இலத்தீனின் 'ஃபில்ட்ரும்'. கம்பளி மயிரை நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த துணிக்கு அந்தப் பெயர். அதன் வழியே ஊற்றித் தெளிய வைத்ததால், துணியின் பெயரே கருவிக்கும் வந்துவிட்டது. தமிழில் பெயர் செயலிலிருந்து வருகிறது: வடி, கட்டு. பானை வாயில் துணியை வேடு கட்டி ஊற்றினால் தெளிவு இறங்கும், கசடு மேலே தங்கும். நன்னூல் கடை மாணாக்கருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று நெய்யரி. நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை அது. மாணவரிடம் குறையாகிற அந்தக் குணம்தான் எஞ்சினுக்கு வேண்டும்.

வெறும் 'எண்ணெய் வடிகட்டி' என்று எழுதினால் வடை சுட்ட எண்ணெயை வடிகட்டுவதும் நினைவுக்கு வரும். எண்ணெய் என்பதே எள்ளின் நெய். அதனால் எழுத்தில், பாகங்கள் உரசாமல் வழுக்கி ஓட உதவுவதைக் குறிக்கும் 'உயவு' சேர்ப்பது நல்லது. 'வடிப்பான்' என்பது கணினித் திரையில் தரவுகளைப் பிரிக்கும் வசதிக்குப் பழகிவிட்டது. எஞ்சினுக்கு வடிகட்டியே பொருத்தம்.

காரணம், அந்தக் 'கட்டு'. வேடு தளர்ந்தால் துணி எவ்வளவு நல்லதானாலும் கசடு ஓரமாக இறங்கிவிடும். எஞ்சினில் அந்தக் கட்டைக் காப்பது ஃபில்டரின் வாயிலுள்ள ரப்பர் வாஷர். அங்கே எண்ணெய் அழுத்தத்தோடு வருவதால், வாஷர் சரியாக உட்காராவிட்டால் வெளியே பீய்ச்சி அடிக்கும்.

முதலில் வடிப்பது. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் சம்ப் போல்ட்டைக் கழற்றுங்கள். கொதிக்கும் சூட்டில் கை வைக்கக் கூடாது. வடிந்ததும் புது வாஷரோடு போல்ட்டை மாட்டிவிட்டு, ஃபில்டரை பெல்ட் ஸ்பேனராலோ கப் ஸ்பேனராலோ இடப்பக்கம் சுற்றிக் கழற்றுங்கள். இறுகியிருக்கிறது என்று ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திருகினால் தகடு கிழியும், பிடிமானமும் போய்விடும்.

கழற்றிய ஃபில்டரின் வாயைக் கட்டாயம் பாருங்கள். வாஷர் அதில் இல்லையென்றால், ஃபில்டர் உட்காரும் எஞ்சின் முகத்தில் ஒட்டியிருக்கிறது. அதன் மேலேயே புதியதை மாட்டினால் இரண்டு வாஷர்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். மாட்டும்போது ஒன்றும் தெரியாது. ஓடும்போது ஒன்று பிதுங்கி, எண்ணெய் முழுவதும் ரோட்டில் கொட்டி, எஞ்சின் உயவின்றி ஓடும். இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் இதுவே மோசமானது.

முகத்தைத் துணியால் துடைத்து, புது வாஷரில் விரலால் புது ஆயில் தடவுங்கள். காய்ந்த ரப்பர் திருகும்போது பற்றிக்கொண்டு முறுக்கும். கையால் சுற்றி, வாஷர் முகத்தைத் தொட்டதும் பொதுவாக முக்கால் சுற்று போதும்; அளவு டப்பாவிலேயே அச்சிட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் ரப்பர் நசுங்கும், அடுத்த முறை கழற்றவும் வராது. வாய் மேல்நோக்கி நிற்கும் ஃபில்டரில் மட்டும் முன்னதாகவே பாதி ஆயில் ஊற்றி வைக்கலாம்.

கையேட்டில் சொன்ன அளவு ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓடவிடுங்கள். டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். கசிவு இல்லையென்றால் எஞ்சினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து, ஆயில் மட்டம் காட்டும் டிப் ஸ்டிக் பாருங்கள். ஃபில்டர் நிரம்பியதால் மட்டம் சற்று இறங்கியிருக்கும். அந்த அளவை ஊற்றுங்கள்.

ஃபில்டரை மாற்ற வேண்டிய தேதி கடந்து ஓட்டினாலும் எண்ணெய் ஓட்டம் நிற்காது. உள்ளே வடிகட்டும் காகிதம் அடைத்துக்கொண்டால் உள்ளேயுள்ள பைபாஸ் வால்வு திறந்துவிடும். அப்போது ஓடுவது வடிகட்டாத எண்ணெய். அதனால்தான் ஆயில் மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்றச் சொல்கிறோம்.

பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ஓர் இரவு வடிய விடுங்கள். உள்ளே கணிசமான எண்ணெய் தங்கியிருக்கும். கழிவு ஆயிலை இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு மேலாண்மை விதிகள் அபாயக் கழிவாகவே கருதுகின்றன. தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றாமல், மூடியுள்ள டின்னில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.