கிளென் கிட்ஸ்டனின் விமானம் நடுவானில் ஏன் உடைந்தது?

பிரிட்டிஷ் கார்ப் பந்தய வீரரும் விமானியுமான கிளென் கிட்ஸ்டனுக்குச் சாவு பலமுறை கிட்டே வந்து திரும்பிப் போயிருக்கிறது. 1914-ல் உலகப் போர் தொடங்கிய சில வாரங்களில், அவர் இருந்த ‘ஹோக்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. பையனுக்கு அப்போது வயது 15. பிழைத்துக்கொண்டார். 1929-ல் லண்டனிலிருந்து கிளம்பிய பயணிகள் விமானம் விழுந்து எரிந்தபோது, உயிரோடு மீண்டது அவர் ஒருவர்தான். அடுத்த ஆண்டே வுல்ஃப் பார்னட்டோ என்ற பந்தய வீரருடன் சேர்ந்து பென்ட்லி கார் ஓட்டி, பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் ஜெயித்தார். பரம்பரைச் சொத்து, லண்டன் விருந்துகள், காதல் கதைகள் என்று பத்திரிகைகளுக்குத் தீனி போட்ட வாழ்க்கை. 1931 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து கேப் டவுனுக்கு ஆறரை நாளில் பறந்து சாதனையும் செய்தார்.

அதே பயணத்தின் தொடர்ச்சியாக, மே 5-ம் தேதி இரவல் வாங்கிய ஒரு சின்ன விமானத்தில், நண்பர் ஒருவருடன் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலைகளைக் கடந்துகொண்டிருந்தார். புழுதிக்காற்று அடித்தது. விமானம் வானத்திலேயே துண்டுதுண்டானது. இருவருமே பிழைக்கவில்லை. அவருக்கு வயது 32.

மலையில் மோதி உடைந்திருந்தால் யாருக்கும் கேள்வி இருந்திருக்காது. பறந்துகொண்டிருக்கும்போது இறக்கை எப்படிக் கழன்று போகும்? அது ‘புஸ் மாத்’ (Puss Moth) ரக விமானம். 1930-ல் மேற்கு ஆஸ்திரேலியாவிலும், 1932-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலும் அதே ரகம் இப்படியே வானத்தில் உடைந்தது. பலமான காற்று ஒடித்துவிட்டது என்று சொன்னால் பாதி விடைதான் கிடைக்கும். இதில் காற்றின் பலத்தைவிட, காற்று தள்ளுகிற நேரம் முக்கியம்.

இதைக் கண்ணால் பார்க்க ராமநாதபுரம் கடற்கரையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில், படகைத் திருப்பும் இடத்தைக் கவனியுங்கள். பாய் காற்றுக்கு நேராக வந்ததும் அதன் ஓரம் படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். சுக்கான் பிடித்திருப்பவர், “தம்பி, கயிற்றை இழுத்துப் பிடிடா” என்று கத்துவார். கயிறு இறுகிய மறுகணம் பாய் விறைத்துக்கொள்ளும், துடிப்பு நின்றுவிடும். காற்று அப்போதும் அதே வேகத்தில்தான் வீசுகிறது. மாறியது பாயின் விறைப்பு மட்டும்.

விமான இறக்கையும் பார்க்கத்தான் கட்டை போல இருக்கும், உண்மையில் வளைந்து கொடுக்கும். அதற்கு இரண்டு அசைவுகள் உண்டு. ஒன்று, நுனி மேலும் கீழும் ஆடுவது. இன்னொன்று முறுக்கம்: முன்விளிம்பு தூக்கிக்கொண்டு பின்விளிம்பு தாழும், அப்புறம் நேர்மாறாக.

இறக்கை மேலும் கீழும் மட்டும் ஆடினால் ஆபத்து இல்லை. அது மேலே போகும்போது, எதிர்வரும் காற்று இறக்கைக்குச் சற்று மேலிருந்து வருவது போல ஆகிவிடும். அதனால் தூக்குவிசை குறையும், இறக்கை தணியும். கீழே இறங்கும்போது தூக்குவிசை கூடி, இறக்கத்தைத் தடுக்கும். எந்தப் பக்கம் போனாலும் காற்று பிரேக் போடுகிறது.

முறுக்கமும் கூடச் சேர்ந்தால் கதை மாறிவிடும். இறக்கை வேகமாக மேலே எழும் அதே நொடியில் முன்விளிம்பும் தூக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்குவிசை கூடி, ஏற்கனவே எழுகிற இறக்கையை இன்னும் மேலே தள்ளும். கீழே வரும்போது முன்விளிம்பு தாழ்ந்திருந்தால், காற்று அதைக் கீழ்நோக்கியும் உதவித் தள்ளும். போகிற பக்கமெல்லாம் பின்னாலிருந்து ஒரு தள்ளு. ஒவ்வொரு ஆட்டத்திலும் காற்றிலிருந்து கொஞ்சம் ஆற்றல் இறக்கைக்குள் ஏறும்.

சாதாரண வேகத்தில் இது நடக்காது, ஏனென்றால் வளைவுக்கு ஒரு தாளம், முறுக்கத்துக்கு வேறொரு தாளம். ஆனால் காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அந்த விசை இரண்டு தாளங்களையும் மாற்றி, ஒன்றுக்கொன்று நெருங்க வைக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். அந்த வேகத்தைத் தாண்டிவிட்டால், சின்ன அதிர்வுகூட நொடிகளில் பெருகி இறக்கையைப் பிய்த்துவிடும். இதற்குப் பெயர்தான் படபடப்பு (flutter). மலைக்காற்றின் குலுக்கல் அந்த முதல் அதிர்வைத் தாராளமாகவே தரும்.

இதை ஒத்ததிர்வு என்று பலரும் சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஒத்ததிர்வுக்கு வெளியிலிருந்து யாராவது தாளம் போட வேண்டும். இங்கே காற்று சீராகத்தான் வீசும், தாளத்தை இறக்கையே உண்டாக்கிக்கொள்கிறது. 1940 நவம்பர் 7-ல், மணிக்குச் சுமார் 65 கி.மீ. காற்றில் அமெரிக்காவின் டக்கோமா தொங்குபாலம் முறுக்கி முறுக்கி விழுந்ததும் இப்படித் தானே தூண்டிக்கொண்ட ஆட்டத்தால்தான்.

நம் பாம்பன் பாலத்தைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய பாலத்தில் காற்றுவேகமானி வைத்து, மணிக்கு 58 கி.மீ.க்கு மேல் காற்று அடித்தால் சிக்னல் சிவப்பாகி ரயில் நிற்கும்படி செய்திருந்தார்கள். அது பக்கவாட்டில் தள்ளும் நேரடி விசைக்குப் பயந்து செய்த ஏற்பாடு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ரயிலைக் கொண்டுபோனது புயலோடு எழுந்த கடல். இரண்டுமே இந்தப் படபடப்பு இல்லை.

சரி, புஸ் மாத்துக்கு வருவோம். நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு, இறக்கையைக் கீழிருந்து தாங்கும் முன்பக்கத் தாங்குகம்பியில் பலவீனம் இருப்பது தெரிந்தது. கொந்தளிப்பான காற்றில் அது நெளிந்துவிடக்கூடும். இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைப்பதே முன்கம்பியும் பின்கம்பியும் சேர்ந்துதான். ஒன்று நெளிந்தால் முறுக்கத்துக்கு இருந்த விறைப்பு போய்விடும், பாய்க்கயிறு தளர்ந்த மாதிரி. தீர்வாக அந்தக் கம்பிக்குச் சின்னதாக ஒரு துணைக்கம்பி கொடுத்தார்கள். கூடவே, வாலில் அசையும் பலகைகளுக்கு எடைச் சமநிலையும் செய்தார்கள். ஒரு சின்னக் கம்பி கிட்ஸ்டன் விஷயத்தில் கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக்கூடாதா என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எடைச் சமநிலை என்பது இதுதான். கீலில் ஆடும் பலகையின் எடை கீலுக்குப் பின்னால் அதிகமாக இருந்தால், இறக்கையோ வாலோ மேலே எழும்போது பலகை பின்தங்கித் தொங்கி, தப்பான நேரத்தில் தூக்குவிசையைக் கூட்டிவிடும். கீலுக்கு முன்னால் ஒரு ஈயக்கட்டியை வைத்தால் அந்தத் தொங்கல் போய்விடும். இந்த வழியை 1920-களின் தொடக்கத்திலேயே நெதர்லாந்தில் கண்டுபிடித்திருந்தார்கள். இன்றைக்குப் பெரிய பயணிகள் விமானம் எதுவானாலும், வடிவமைப்பின் உச்சவேகத்தைவிட 15 சதவீதம் கூடுதல் வேகம் வரை படபடப்பு வராது என்று காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். சிறிய விமானங்களில் வால் பலகைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தால்கூட, மெக்கானிக் அதன் எடைச் சமநிலையை மறுபடி சரிபார்ப்பார். பெயின்டின் பெரும்பகுதி கீலுக்குப் பின்னால்தான் ஏறுகிறது. அந்த எடையே போதும், படபடப்பு தொடங்கும் வேகம் விமானம் பறக்கும் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடலாம்.