பேட்டரி சதவீதத்தைத் திருத்த ஏற்ற வெப்பநிலை எது?

திரையில் தெரியும் பேட்டரி சதவீதம் ஒரு கணிப்புதான். லித்தியம் அயனி பேட்டரிக்குள் எவ்வளவு மின்னூட்டம் மிச்சமிருக்கிறது என்று நேரடியாக எட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் சதவீதத்தைக் கணக்கிடும் அளவுமானிச் சிப், உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டத்தை இடைவிடாமல் கூட்டிக் கழிக்கிறது. இந்தக் கணக்கில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். பேட்டரி ஓய்வில் இருக்கும்போது அதன் மின்னழுத்தத்தைப் பார்த்துக் கணக்கை நேர்செய்துகொள்ளும். பேட்டரி பழசாகும்போது கொள்ளளவும் குறைவதால், அதையும் சிப்புக்குக் கற்றுத்தர வேண்டும். முழுதாக ஏற்றி, ஓய்வு கொடுத்து, முழுதாக இறக்கி, மறுபடி ஓய்வு கொடுக்கும் அளவுத்திருத்தம் இதற்காகத்தான்.

அதை எந்த வெப்பநிலையில் செய்கிறோம் என்பதைப் பலரும் கண்டுகொள்வதில்லை. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

ஓய்வுநிலை மின்னழுத்தம் வெப்பநிலையால் அதிகம் மாறுவதில்லை. பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்தைத் தடுக்கும் அக மின்தடையோ குளிரில் பல மடங்கு ஏறிவிடும். அயனிகள் மந்தமாக நகர்வதே காரணம். ஓய்வில் 3.5 வோல்ட் காட்டும் ஒரு மின்கலத்திலிருந்து 2 ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 25 டிகிரி செல்சியஸில் அக மின்தடை 0.08 ஓம் என்றால், 0.16 வோல்ட் இழப்பு போக 3.34 வோல்ட் கிடைக்கும். கடும் குளிரில் அதே மின்தடை 0.25 ஓம் ஆகிவிட்டால் இழப்பு 0.5 வோல்ட். வெளியே தெரிவது 3.0 வோல்ட்தான்; பல கருவிகள் அந்த இடத்தில் அணைந்துவிடும். உள்ளிருந்த மின்னூட்டம் எங்கும் போய்விடவில்லை, எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் கொள்ளளவே இவ்வளவுதான் என்று சிப் அந்த நேரத்தில் குறித்துக்கொண்டால், பிறகு சாதாரண வெப்பநிலையிலும் சக்தி மிச்சமிருக்கும்போதே பூஜ்யம் காட்டத் தொடங்கிவிடும்.

சூடும் ஆகாது. ஏறக்குறைய 45 டிகிரியைத் தாண்டினால் பல சார்ஜர்கள் ஏற்றுவதை நிறுத்திவிடும், அல்லது வழக்கமான முழு ஏற்ற அளவான 4.2 வோல்ட்டுக்குக் குறைவாகவே நிறுத்திக்கொள்ளும். அப்போது ‘முழுசு’ என்று பதிவாவது உண்மையில் முழுசல்ல. பூஜ்யம் டிகிரிக்குக் கீழே ஏற்றவே கூடாது. பேட்டரியின் எதிர்முனையான கிராஃபைட்டின் மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும். எனவே 20 முதல் 25 டிகிரி வரையிலான அறை வெப்பநிலைதான் நம்பகமானது.

ஓய்வு நேரத்திலும் அவசரம் கூடாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் அளவுமானிகளுக்கு, ஏற்றிய பின் 2 மணி நேரமும் இறக்கிய பின் 5 மணி நேரமும் ஓய்வு கொடுப்பது வழக்கமான நடைமுறை. குளிரில் மின்னழுத்தம் நிலைகொள்ள இன்னும் அதிக நேரம் பிடிக்கும். குளிரான இடத்திலிருந்து எடுத்துவந்த கருவியின் மேலுறை சீக்கிரம் சூடாகிவிடும். உள்ளிருக்கும் மின்கலத்துக்கு நேரம் தேவை.

கருவியை வடிவமைப்பவர்கள், வெப்பநிலையை அளக்கும் உணரியான தெர்மிஸ்டரின் இடத்தையும் கவனிக்க வேண்டும். அது மின்கலத்தைத் தொடாமல் சார்ஜர் சிப்புக்குப் பக்கத்தில் இருந்தால், குளிர்ந்த மின்கலத்தையும் சூடானதாகவே காட்டும். குளிரால் கூடிய மின்தடையை, பேட்டரி முதுமையால் வந்ததாக அளவுமானி எழுதிவைத்துக்கொள்ளும்.