லீவர் படிந்துவிட்டால் ட்ரெயிலர் பூட்டிவிட்டது என்று அர்த்தமில்லை

முன்தண்டின் நுனி தார்வீதியில் தேய்ந்து பளபளத்த நிலையில் ஸ்காபரோவிலுள்ள எங்கள் கராஜுக்கு இந்த மே மாதத்தில் மட்டும் மூன்றாவது ட்ரெயிலர் வந்திருக்கிறது. விக்டோரியா நாள் விடுமுறைக்குப் படகு இழுத்துச் சென்ற ஒரு தம்பியினுடையது அது. நெடுஞ்சாலை 401இல் ஏறுவதற்கு முன்பே, பாலத்து மேடொன்றில் துள்ளிக் கழன்றுவிட்டது. பின்னால் வாகனம் எதுவும் வராததால் ஓர் உயிரும் போகவில்லை. “அண்ணை, லீவரைப் படுத்திப் பின்னும் போட்டனான், பிறகு எப்பிடிக் கழண்டது?” என்று அவர் கேட்டார். அவர் சொன்னது உண்மை. பூட்டும் கைப்பிடியான லீவர் படிந்தே இருந்தது, அது எழாமல் தடுக்கும் ‘பின்’ என்ற ஊசியும் அதன் இடத்திலேயே இருந்தது.

இதைத்தான் எத்தனை முறை சொன்னாலும் எவரும் கேட்பதில்லை. லீவர் படிவது வேறு, வாகனத்தின் பின்பக்கத்திலுள்ள இரும்புப் பந்து பிடிபடுவது வேறு. முன்தண்டின் நுனியில், அந்தப் பந்தின் மேல் கவிழும் கப்ளருக்குள் இருக்கும் இரும்பு நாக்கு பந்தின் வயிற்றுக்குக் கீழே சென்று இறுகினால் மட்டுமே அது பூட்டு. கப்ளர் முழுமையாக இறங்காமல் பந்தின் மேல் குந்தியிருக்கும்போதும், பந்து கப்ளரின் கிண்ணத்தைவிடச் சிறியதாக இருக்கும்போதும் லீவர் தடையில்லாமல் படியக்கூடும். தம்பியின் பந்தில் படிந்திருந்த துருவையும் கிரீஸையும் துணியால் துடைத்தபோது, உச்சியில் 1⅞ அங்குலம் என்ற பொறிப்பு தெரிந்தது. அவருடைய கப்ளரிலோ 2 அங்குலம் என்று இருந்தது. வித்தியாசம் ⅛ அங்குலம், அதாவது மூன்று மில்லிமீற்றருக்குச் சற்றே அதிகம். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியே ஒரு படகை நடுவீதியில் விட்டுவிடப் போதுமானது. இங்கு 2 5/16 அங்குலப் பந்தும் புழக்கத்தில் இருப்பதால், பழைய வாகனத்தின் பந்தைப் புதிய ட்ரெயிலருக்குப் பயன்படுத்துபவர்கள் இரண்டு பொறிப்புகளையும் வாசித்துப் பார்க்காமல் பூட்டவே கூடாது.

“அவ்வளவு கனம் இருக்கிறதே, அதுவே அழுத்திப் பிடிக்காதா?” என்றும் கேட்கிறார்கள். சமதரையில் பிடிக்கும், மேட்டில் துள்ளும்போது பிடிக்காது. சுமையைப் பின்பக்கமாக ஏற்றியிருந்தால் கனமே முன்தண்டை மேலே தூக்கும். மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் பந்தின் மேல் இறங்கும்படி ஏற்றுவதே முறை.

பூட்டிய பின், லீவர் படிந்த நிலையிலேயே, ட்ரெயிலரின் முன்தண்டை அதன் ஜாக்கினால் மெதுவாக உயர்த்திப் பாருங்கள். வாகனத்தின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பந்து பிடிபட்டிருக்கிறது. கப்ளர் மட்டும் தனியாக எழுந்தால் மறுபடி பூட்டுங்கள். ஒரு நிமிட வேலை இது. அதைச் செய்யாமல் எந்த வாகனத்தையும் நான் கராஜிலிருந்து அனுப்புவதில்லை. அப்படியே குனிந்து, பந்தைத் தாங்கும் நட்டு தளர்ந்திருக்கிறதா என்றும், கப்ளரின் அடியிலுள்ள சரிசெய்யும் நட்டு ஆட்டம் கொடுக்கிறதா என்றும் பாருங்கள். பின்னுக்குப் பதிலாக ஆணியையோ கட்டுக்கம்பியையோ செருகாதீர்கள்.

ஒன்ராறியோ சட்டம் ட்ரெயிலருக்கு இரண்டு தனித்தனி இணைப்புகளைக் கேட்பது, முதலாவது கைவிட்டால் இரண்டாவது தாங்கவேண்டும் என்பதற்காகத்தான். அந்த இரண்டாவதுதான் முன்தண்டை வாகனத்தோடு இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலிகள். தம்பியின் சங்கிலிகள் அறவில்லை, ஆனால் குறுக்காகப் போடப்படாததால் முன்தண்டு நேரே வீதியில் விழுந்து தாரை உழுதுவிட்டது. இரண்டையும் முன்தண்டின் அடியில் ஒன்றையொன்று வெட்டும்படி மாட்டினால், விழும் தண்டை அவை தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும். வளைவில் திரும்புவதற்கு வேண்டிய தளர்வு இருக்கட்டும். ஆனால் தரையில் இழுபட விடாதீர்கள், நீளத்தைக் குறைப்பதற்காக முறுக்கவும் வேண்டாம், முறுக்கிய சங்கிலிக்குப் பலம் குறைவு.

புறப்பட்டுச் சில கிலோமீற்றருக்குள், நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன், ஒரு பெற்றோல் நிலையத்தில் நிறுத்திக் கப்ளரையும் பின்னையும் சங்கிலியையும் மறுபடி கையால் தொட்டுப் பாருங்கள். பிள்ளைகள் அவசரப்படுத்தினாலும் தயவுசெய்து இறங்கிப் பாருங்கள்.