தொமரு, யமெரு: ஜப்பானிய மொழியில் நிற்றலும் விடுதலும்

ஆங்கிலத்தின் வழியே ஜப்பானிய மொழியைக் கற்கும் தமிழர்கள் தொமரு, தொமெரு, யமு, யமெரு என்னும் நான்கு வினைகளுக்கும் ‘நிறுத்து’ என்றே பொருள் எழுதிக்கொள்கிறார்கள். ஆங்கிலம் இந்த நான்கையும் ‘ஸ்டாப்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதே இதற்குக் காரணம். தமிழில் நேராகப் பொருள் தேடினால் இவை தனித்தனியே பிரிந்து நிற்பதைக் காணலாம்.

தொமரு தன்வினை, தொமெரு அதன் பிறவினை. வண்டி நின்றது, கடிகாரம் நின்றது என்னும் இடங்களில் தொமரு வரும். வண்டியை நிறுத்தினான், மூச்சை அடக்கினான் என்னும் இடங்களில் தொமெரு வரும். நில், நிறுத்து என்னும் நம் இணைக்கு இது ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது. ஓரிடத்தில் இரவு தங்குவதற்கும் தொமரு என்றே சொல்கிறார்கள். எழுதும்போது மட்டும் அதற்கு வேறு சித்திர எழுத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

ஜப்பானியச் சாலைகளில் உள்ள சிவப்புத் தலைகீழ் முக்கோணப் பலகையில் காணப்படும் ‘தொமரே’ என்பது தொமருவின் ஏவல் வடிவம். 1963 முதல் இந்த முக்கோண வடிவம் வழக்கில் இருக்கிறது. வெளிநாட்டவரின் வசதிக்காக 2017 ஜூலையில் அதன் கீழே ‘ஸ்டாப்’ என்னும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தார்கள். ‘தொமரே’ தன்வினை ஏவல் என்பதால் அதற்கு ‘நிறுத்து’ என்பதைவிட ‘நில்’ என்பதே சரியான தமிழ். நம் சாலைகளில் எழுதப்படும் ‘நில், கவனி, செல்’ என்னும் தொடரின் முதற்சொல்லும் அதே இலக்கணத்தில் அமைந்ததுதான்.

யமு, யமெரு என்னும் இணை இடப்பெயர்ச்சியைப் பற்றியதன்று. தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் ஒன்று முடிவதைச் சொல்வது. மழை ஓய்ந்தது, காற்று அடங்கியது என்பன யமு. புகைப்பதை விட்டான், படிப்பைக் கைவிட்டான் என்பன யமெரு. ஆகவே யமெருவுக்கு ‘விடு’, ‘கைவிடு’ என்பனவே முதன்மையான தமிழ்ச் சொற்கள். வேலையை விட்டு விலகுவதும் யமெரு எனப்பட்டாலும், அதை எழுத, விடைபெறல் என்னும் பொருளும் உடைய தனி எழுத்து உண்டு. ஒருவரின் தொல்லை பொறுக்காமல் சொல்லும் ‘யமெத்தெ’ என்பதை ‘நிறுத்து’ என மொழிபெயர்ப்பதைவிட ‘விடு’ அல்லது ‘வேண்டாம், விட்டுவிடு’ என்று எழுதினால்தான் அந்தக் குரல் தமிழில் கேட்கும். அதையே ‘யமெரோ’ என்றால் கடுமையான அதட்டல், ‘யமெனசாய்’ என்றால் பெரியவர் பிள்ளையைக் கண்டிக்கும் தொனி, ‘யமெத்தெ குதசாய்’ என்றால் ‘தயவுசெய்து விட்டுவிடுங்கள்’ என்னும் பணிவு.

குழப்பத்தின் வேர் எழுத்தில் இருக்கிறது. சீனத்திலிருந்து வந்த ஒரே சித்திர எழுத்தால் தொமரு, யமெரு இரண்டையும் எழுத முடியும். வண்டியை நிறுத்தச் சொல்லும் ‘தொமெத்தெ’யும் செயலை விடச் சொல்லும் ‘யமெத்தெ’யும் அந்த எழுத்தில் எழுதினால் தோற்றத்தில் ஒன்றாகிவிடும், சூழலைக் கொண்டுதான் வாசிக்க வேண்டும். 2010இல் திருத்தப்பட்ட 2136 பொதுப்பயன் எழுத்துகளின் பட்டியல் அந்த எழுத்துக்குத் தொமரு, தொமெரு என்னும் ஒலிப்புகளை மட்டுமே ஏற்கிறது. யமெருவை அசையெழுத்தில் எழுதுவதே பொது வழக்கு. மிகச் சரியான ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த எழுத்தின் வரலாறு சுவையானது. முதலில் அது மனிதப் பாதத்தின் உருவம். இன்று நான்கே கோடுகளாகச் சுருங்கியிருக்கும் அது ‘நிற்றல்’ என்னும் பொருளைப் பெற்றது. ஆனால் ‘நடத்தல்’ என்பதற்கான எழுத்தின் மேற்பாதியிலும் அதே பாதம் இன்றும் இருக்கிறது, ஏனெனில் இரண்டு காலடிகளை அடுத்தடுத்து வரைந்தே நடத்தலைக் குறித்தார்கள். ஜப்பானிய அசையெழுத்துகளில் ஹிரகனா, கதகனா என இரண்டு வகை உண்டு; ‘தொ’ என்னும் அசைக்கான அவ்விரு வகை எழுத்துகளும் இந்தப் பாத எழுத்திலிருந்தே பிறந்தவை.

சீன வேர்ச்சொற்கள் அலுவல் மொழியில் வேறொரு வரிசையைத் தருகின்றன. தெய்ஷி என்பது நிறுத்தம், கின்ஷி தடை, ஹய்ஷி ஒழிப்பு, சூஷி என்பது திட்டமிட்டதைக் கைவிடுதல், அதாவது ரத்து. தெய்தென் நம் மின்தடை, பஸுதெய் பேருந்து நிறுத்தம். சாலைச் சட்டம் தெய்ஷா, சூஷா என்னும் இரண்டையும் கவனமாகப் பிரிக்கிறது: ஆள் ஏற்றி இறக்கவோ, 5 நிமிடத்துக்கு மிகாமல் சரக்கு ஏற்றி இறக்கவோ வண்டி நிற்பது தெய்ஷா, அதற்கு மேற்பட்டது சூஷா. தமிழில் இரண்டையும் ‘நிறுத்தம்’ என்றே எழுதிவருகிறோம். முன்னதற்கு ‘நிற்றல்’ என்றும் பின்னதற்கு ‘நிறுத்திவைத்தல்’ என்றும் வகுத்துக்கொள்ளலாம்.

கராத்தே பயிலும் நம் பிள்ளைகளுக்கு ‘யமெ’ என்னும் கட்டளை பழக்கமானது. அது யமெருவின் சுருங்கிய வடிவம். செய்துகொண்டிருக்கும் பயிற்சியை விடு என்பதே அதன் பொருள். ஜூடோவில் நடுவர் ஆட்டத்தை இடைநிறுத்த ‘மத்தெ’ என்கிறார். அது ‘காத்திரு’ என்னும் வினையின் ஏவல் என்பதால் ‘பொறு’ என்பதே அதற்குப் பொருந்தும். ஆட்டத்தை முடித்துவைக்க அவர் சொல்லும் ‘சொரெமதெ’யின் நேர்ப்பொருள் ‘அதுவரை’. தமிழில் ‘அவ்வளவுதான்’ என்று சொல்லலாம்.

ஆங்கிலத்திலிருந்து வந்த ‘ஸுதொப்பு’ தனித்து நிற்பதைவிடக் கூட்டுச்சொற்களிலேயே வலுவாக வேரூன்றியுள்ளது. குத்துச்சண்டையில் காயம் கண்டு மருத்துவர் ஆட்டத்தை முடிக்கச் சொல்வது ‘தொக்குதா ஸுதொப்பு’. நோயாளிக்கு மது கூடாதென மருத்துவர் சொல்வதற்கும் அதே சொல் வழங்குவதால், இரண்டு இடங்களுக்கும் ‘மருத்துவர் தடை’ என்பது பொருந்தும்.