முதுகுப் பக்கம் மட்டும் செவிடாகும் மெஷின்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்க தாத்தாவுக்குப் போன வருஷம் காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் போட்டுக்கொண்டு டிவி பார்க்கிறார், போன் பேசுகிறார். கோயில் கொடைக்குப் போனால் மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறார். கோளாறு மெஷினிலா, தாத்தாவிடமா?"

இரண்டிலும் இல்லை. நம்ம ஊர்க் கொடையில், அதாவது கோயில் திருவிழாவில், வில்லுப்பாட்டுக்கு ரேடியோ செட்டு என்கிற ஒலிபெருக்கி, ஒரு பக்கம் நையாண்டி மேளம், இன்னொரு பக்கம் ஜெனரேட்டர். நல்ல காதுக்காரர்களே சைகையில்தான் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் இந்தக் கேள்விக்குள் எனக்கு மிகவும் பிடித்த ஒரு பொறியியல் இருக்கிறது. அதற்காகவே எழுதுகிறேன்.

செவிப்பறை, மூன்று குட்டி எலும்பு, நத்தைச் சுருள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அந்தச் சுருளுக்குள் காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். அதில் 3,500 போல மூளைக்குச் சேதி அனுப்புபவை. மீதி 12,000-க்கு வேறு வேலை: மெல்லிய சத்தம் வந்தால் தாங்களும் சேர்ந்து நீண்டு சுருங்கி அதைப் பெரிதாக்கிக் கொடுக்கும். சுருளின் வாசலில் இருப்பவை கீச்சென்ற உயர் சுருதிக்கு, உள்ளே இருப்பவை கனத்த சுருதிக்கு. வயதானாலும், வருஷக்கணக்கில் பஞ்சாலை இரைச்சலில் நின்றாலும் முதலில் அடிபடுவது உயர் சுருதிப் பக்கம். உயிரெழுத்தின் பலம் கனத்த சுருதியில் இருக்கிறது, ச, த, க போன்ற எழுத்துகளின் அடையாளம் உயர் சுருதியில். "பேசுறது கேக்கு, என்னன்னுதான் வெளங்கல" என்று பெரியவர்கள் சொல்வது அப்படியே உண்மை.

செத்த மயிர்ச்செல் மனிதருக்கு மறுபடி முளைக்காது. கோழிக்கு முளைக்கும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றினால் முளைக்குமா என்று யாராவது கேட்டால் கோழியைக் காட்டிவிடுங்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்து அதற்குள் எண்ணெய் போனால் இருப்பதும் கெடும்.

அப்படியென்றால் சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தால் போதாதா? போதாது. "வாயத் தொறந்து பேசுடே" என்பார் தாத்தா. கொஞ்சம் உரக்கப் பேசினால், "எதுக்குல இந்தக் கத்து கத்துத?" என்பார். வீம்பு இல்லை. மெல்லிய சத்தத்தைப் பெரிதாக்கும் செல்கள் போய்விட்டன, பெரிய சத்தம் மட்டும் பழையபடியே உறைக்கிறது. கேட்பதற்கும் காது கூசுவதற்கும் நடுவே உள்ள இடைவெளி ஒடுங்கிப்போச்சு. அதனால் நல்ல மெஷின் மெல்லிய சத்தத்தை நிறையக் கூட்டும், பெரிய சத்தத்தைக் கொஞ்சமாகக் கூட்டும், அதையும் ஒவ்வொரு சுருதிக்கும் தனித்தனியாகச் செய்யும். 1990-களின் நடுவில் டிஜிட்டல் மெஷின்கள் வந்த பிறகு இது வழக்கமாகிவிட்டது.

இனி கொடை. பேச்சும் இரைச்சலும் ஒரே சுருதியில் கலந்து வந்தால் எதைக் கூட்டுவது? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மேல் முதுகில் குண்டூசி முனை அளவில் இரண்டு துளை தெரியும், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இரண்டும் மைக். நடுவே ஒரு சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி அதைக் கடக்க ஆகும் நேரம் சுமார் 30 மைக்ரோ நொடி. ஒரு நொடியைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் ஒரு கூறுதான் மைக்ரோ நொடி.

முதுகுக்குப் பின்னால் ரேடியோ செட்டு அலறுகிறது. சத்தம் முதலில் பின் மைக்கைத் தொடும், 30 மைக்ரோ நொடி கழித்து முன் மைக்கை. மெஷின் என்ன செய்கிறது? பின் மைக்கில் வந்ததை வேண்டுமென்றே 30 மைக்ரோ நொடி நிறுத்தி வைக்கிறது. இப்போது இரண்டு மைக்கின் சத்தமும் ஒரே நேரத்தில் கையில் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பூஜ்யம். ரேடியோ செட்டு காணாமல் போய்விட்டது! எதிரே இருக்கும் பேத்தியின் குரலோ முன் மைக்கை முதலில் தொடுகிறது. பின் மைக்குக்கு 30 தாமதமாக வந்து, அங்கே இன்னொரு 30 நிறுத்தப்படுகிறது. மொத்தம் 60 மைக்ரோ நொடி வித்தியாசம். கழித்தாலும் பூஜ்யம் ஆகாது, பேச்சு மிஞ்சும்.

ஒரு தாமதம், ஒரு கழித்தல், அவ்வளவுதான். இரைச்சல் என்ன மொழி, என்ன மேளம் என்பது மெஷினுக்குத் தெரிய வேண்டியதே இல்லை. அந்தத் தாமதத்தைப் பூஜ்யமாக்கினால், இரண்டு மைக்கையும் ஒரே நேரத்தில் தொடும் பக்கவாட்டுச் சத்தம் அழியும். ஒரே ஓர் எண்ணை மாற்றி, மெஷின் எந்தத் திசைக்குச் செவிடாக வேண்டும் என்று திருப்பிக்கொண்டே இருக்கலாம். இரைச்சல் எங்கே அதிகமோ அங்கே அதுவே திருப்பிக்கொள்ளும். இன்னொரு சுவை: ஒலியை நொடிக்கு 20,000 தடவை அளக்கும் மெஷினில் இரண்டு அளவுக்கு இடையே 50 மைக்ரோ நொடி. 30 என்பது அதற்கும் குறைவு. அளக்காத இடத்தில் ஒலி எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் நிறுத்தி வைக்கிறது.

இதற்கு விலையும் உண்டு. கனத்த சுருதியான 250 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 1.4 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் அதில் எம்மாத்திரம்? இரண்டு மைக்கிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான் விழும். கழித்தால் முன்னாலிருந்து வரும் குரலிலும் அந்தச் சுருதியில் நூற்றுக்கு 9 பங்குதான் மிஞ்சுகிறது. அதைத் திரும்பக் கூட்டினால் மைக்கின் சொந்த 'ஸ்ஸ்' சேர்ந்து கூடும். அதனால் அமைதியான வீட்டில் மெஷின் இந்த வித்தையை நிறுத்திவிட்டு எல்லாத் திசையும் கேட்கும். கல்யாண மண்டபமும் இதற்கு எதிரி. கிரானைட் தரையிலும் சுவரிலும் பட்டுச் சத்தம் எல்லாப் பக்கமும் திரும்பி வந்தால் எந்தத் திசையைக் கழிப்பது? திறந்த வெளிப் பந்தல் எவ்வளவோ தேவலை. வாசகியின் தாத்தாவுக்கு என் மருந்துச் சீட்டு இதுதான்: ரேடியோ செட்டுக் குழாய்க்கு முதுகு காட்டி உட்காருங்கள், பேசுகிறவர் எதிரே உட்காரட்டும். மெஷினில் இரண்டு துளை இருக்கிறதா, திசை வசதி ஓடுகிறதா என்று வாங்கிய இடத்தில் கேளுங்கள்.

இப்போது விளம்பரங்களில் 'ஏஐ' என்று வருவது இதற்கு அடுத்த படி. லட்சக்கணக்கான ஒலித் துண்டுகளைக் கேட்டுப் பழகிய நிரல், எது பேச்சு, எது இரைச்சல் என்று துண்டு துண்டாகப் பிரிக்கிறது. அதையும் சுமார் 10 மில்லி நொடிக்குள் முடிக்க வேண்டும், தாமதித்தால் நம் குரலே நமக்கு எதிரொலிக்கும். எனக்கு இதில் ஒரு குறை. நம்ம ஊர் நையாண்டி மேளத்தையும் நம்ம பேச்சையும் அது பழகியிருக்குமா? பாளையங்கோட்டையில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி 1897 முதல் நடக்கிறது, அபிஷேகப்பட்டியில் பல்கலைக்கழகம் இருக்கிறது. நான்கு கொடைக்குப் போய் ஒலிப்பதிவு செய்து பொதுவில் வைக்க ராக்கெட் விடுகிற காசா ஆகும்? ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

பாட்டுக் கேட்கும் இயர்பட்ஸும் இப்போது இந்த வேலைக்கு வந்துவிட்டது. ஆப்பிளின் ஏர்பாட்ஸ் புரோ 2-ஐ லேசான, நடுத்தரக் குறைபாட்டுக்குக் காது மெஷினாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு 2024 செப்டம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. அப்போது இந்தியாவில் அந்த வசதி பூட்டியிருந்தது. பெங்களூரு இளைஞர்கள் சிலர் வெளி சிக்னல் புகாத அலுமினியத் தாள் கூண்டுக்குள் வைத்து, கருவி அமெரிக்காவில் இருப்பதாக நம்பவைத்து, ஒரு பாட்டிக்காகத் திறந்துவிட்டார்கள். படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு கடையிலும் ஆன்லைனிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'மெஷின்' வேறு சாதி. அது எல்லாவற்றையும் ஒரே மாதிரி கூட்டும், சிலவற்றில் உச்ச அளவுக்குக் கடிவாளமும் கிடையாது, மிச்சமிருக்கும் செல்லையும் கெடுத்துவிடும். முதலில் எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் எந்தக் கடையிலும் விலை பேசாதீர்கள்.